பூட்டு சொன்ன சாட்சி

பூட்டின்மீது பற்றுடையோர் செல்வரே என்றோர் எண்ணம் எம்மிடையே உண்டு. அஃது உண்மையன்று. இருப்பது சொற்பமாயின் அதனைக் காக்கும் ஆவல் பெரிதாயிருத்தல் இயல்பு. வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்து திரும்பும் எமது கிராமத்துப் பெண்களின் பயணப்பெட்டிகளைக் கண்டோர் இதனை நன்கறிவர். பெட்டியின் சிப்பில் ஒரு சின்னஞ்சிறு பூட்டு. பெட்டியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக நைலோன் கயிறு. எல்லாவற்றின்மேலும் மையினால் எழுதிய பெயரும் ஊரும். இத்தனை காவலும் எதனைக் காக்கின்றது என்ற கேள்வியை அண்மையில் ஒரு தாய் எம்முன் கொண்டுவந்து வைத்தார்.

எமது வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் அவர். குவைத்தில் இரண்டாண்டுகள் வேலைசெய்து திரும்பியிருந்தார். பாடசாலை விட்ட ஒரு பிற்பகல், வாயிலருகே நெடுநேரம் நின்றபின் உள்ளே வந்தார்.

“சேர், பெட்டிக்குள்ள வெச்ச சாமான் நாலஞ்சக் காணல்ல. ஒரு கடிதம் எழுதித் தருவீங்களா?”

மகனுக்கு வாங்கிய கைக்கடிகாரம், ஒரு கைத்தொலைபேசி, மூன்று போத்தல் வாசனைத் திரவியம், மகளின் சாமத்தியச் சடங்குக்கென எடுத்த சேலை ஆகியனவே போன பொருள்கள். நாம் உடனே கேட்டது இதுதான்: “பூட்டு உடைஞ்சிருந்ததா?”

“இல்ல சேர். கயித்தத்தான் காணல்ல, வழியில அறுந்திருக்குமெண்டு நினைச்சன். பூட்டு பூட்டினபடிதான் இருந்தது.”

சொல்லிவிட்டுத் தலைகுனிந்தார். காரணம் பின்னரே எமக்கு விளங்கியது. இதே கேள்வியை மாமியார் கேட்டிருந்தார், கணவர் கேட்டிருந்தார், அயலாரும் கேட்டிருந்தனர். பூட்டு உடையாதபோது பொருள் எங்ஙனம் போகும்? ஆகவே அவர் அவற்றை வாங்கவேயில்லை, அன்றேல் வாங்கி வேறெவருக்கோ கொடுத்துவிட்டார் என்பதே வீட்டின் தீர்ப்பு. இரண்டாண்டு உழைப்பின் நேர்மைக்கு எதிராக ஒரு சிறு பூட்டுச் சாட்சி சொல்லிற்று. படித்தவரென ஊர் மதிக்கும் நாமும் அச்சாட்சியையே முதலில் நாடினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

அச்சாட்சியின் யோக்கியதை என்ன? துணிப்பெட்டியில் பூட்டப்படுவது பெட்டியன்று; சிப்பின் இரு இழுப்பிகளே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. பற்களுக்கிடையே ஒரு குமிழ்முனைப் பேனாவை அழுத்தினால் சிப் பிளந்துவிடும். வேண்டியதை எடுத்தபின், பூட்டியிருக்கும் இழுப்பிகளை அப்படியே முன்னும் பின்னும் ஓட்டினால் பற்கள் மீண்டும் கௌவிக்கொள்ளும். பூட்டில் ஒரு கீறலும் இராது. மறுநாள் மாலை நாம் அவர்கள் வீட்டிற்குச் சென்று, அதே பெட்டியில் அதே பூட்டைப் பூட்டி, மாணவனின் பேனாவினால் அனைவர் முன்னிலையிலும் திறந்து மூடிக் காட்டினோம். மாமியார் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர் மருமகளை நோக்கி, “சேருக்குத் தேத்தண்ணி ஊத்து மகள்” என்றார்.

பிரயாணியின் பெட்டியைச் சோதிப்பதே தவறென்று நாம் கூறவில்லை. 1985 ஜூன் 23ஆம் திகதி, விமானத்தில் ஏறாத ஒருவனின் பெட்டியிலிருந்த குண்டு எயர் இந்தியா விமானத்தை அயர்லாந்துக் கரைக்கு அப்பால் சிதறடித்து 329 உயிர்களைப் பறித்தது. 1988 டிசெம்பர் 21ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் லொக்கர்பியில் 270 பேர் மாண்டதற்கும் பெட்டியொன்றில் மறைத்த குண்டே காரணம். உரியவர் ஏறாத பொதியை ஏற்றலாகாது என்ற விதி இத்தகைய இரத்தத்தினால் எழுதப்பட்டது. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2002 இறுதி முதல் விமானத்தில் ஏற்றும் பொதிகள் யாவும் சோதிக்கப்படலாயின. பூட்டுகளை உடைக்கவேண்டி வந்தமையால், அதிகாரிகளிடமுள்ள பொதுத் திறப்பினாலும் திறக்கத்தக்க பூட்டுகள் 2003இல் விற்பனைக்கு வந்தன. 2014இல் ஒரு பத்திரிகை அத்திறப்புகளின் புகைப்படத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அப்படத்தைப் பார்த்துச் சிலர் முப்பரிமாண அச்சுப்பொறியில் அதே திறப்புகளைச் செய்துவிட்டனர். விலையுயர்ந்த பூட்டின் கதியும் இதுவே.

எனில், பிரயாணியைக் காப்பது எது? 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை ஓரளவு காக்கின்றது. இலங்கையும் குவைத்தும் அதிற் சேர்ந்த நாடுகளே. பொதி இழப்புக்கு விமானக் கம்பனி பொறுப்பேற்கவேண்டிய உச்சவரம்பு, 2024 டிசெம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள். ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க டொலர். ஆயினும் சேதம் பற்றிய முறைப்பாட்டைப் பொதி கைக்கு வந்த 7 நாட்களுள் எழுத்திலே கொடுத்தாகவேண்டும். முறைப்பாடின்றி ஏற்றுக்கொண்ட பொதி, நல்ல நிலையிலேயே ஒப்படைக்கப்பட்டதாகக் கருதப்படும். மாமியாரின் தீர்ப்பும் சட்டத்தின் ஊகமும் ஈண்டு ஒன்றாவதைக் காண்க.

இவ்விதி எத்துணைக் கண்டிப்பானது என்பதற்குப் பிரித்தானிய வழக்கொன்று சான்று. இத்தாலியிலிருந்து திரும்பிய ஒருவர் தம் பெட்டி கிழிந்திருந்ததை அங்கேயே முறையிட்டார். உள்ளிருந்த ஒரு சேர்ட்டும், ஒரு சோடி செருப்பும், ஒரு கம்பளிச் சட்டையும் போயிருந்தமையைப் பின்னரே கண்டார். அவற்றின் பெறுமதி 16.50 பவுண். பழைய வார்சோ உடன்படிக்கையின்கீழ் எழுந்த அவ்வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்றது. உள்ளிருந்த பொருள் போனதும் சேதமே, அதனையும் உரிய காலத்தில் எழுதி அறிவித்திருக்கவேண்டும் என 1980இல் தீர்ப்பாயிற்று. அவர் தோற்றார்.

எமது தாய் வந்தது பன்னிரண்டாம் நாள். ஏன் பிந்தினார் என்று வினவுதல் எளிது. அந்த ஏழு நாட்களும் அவர் தம் வீட்டாரிடம் தாம் பொய்யரல்லர் என நிறுவுவதிலேயே கழிந்தன. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் முறைப்பாடு எழுதப் போவதெங்ஙனம்? நாம் கடிதம் எழுதினோம். வருந்துகின்றோம், காலம் கடந்துவிட்டது என்று இரண்டு வரிகளில் மறுமொழி வந்தது. பெட்டி எந்த நாட்டில், எவர் கையாற் திறக்கப்பட்டதென்பது இன்றுவரை தெரியாது.

விலையுள்ள பொருளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். அடுக்கிய பெட்டியைப் படமெடுத்து, வாங்கிய சிட்டைகளையும் பொதிச் சீட்டையும் பத்திரப்படுத்தவேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே பெட்டியைத் திறந்து பார்த்து, குறையை எழுத்திற் பதிவுசெய்யவேண்டும். அடிக்கடி பறக்கும் கனவான்கள் இவற்றை அனுபவத்தால் அறிவர். அந்நியச் செலாவணியை இந்நாட்டுக்கு உழைத்துத் தரும் பெண்ணுக்கோ இதை எவரும் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. அவரது மகனுக்கு நாம் கற்பித்த கடிதம், சுகவீனத்தினால் வரமுடியவில்லை என அதிபருக்கு எழுதும் கடிதமே.

இவ்வாண்டு அப்பாடத்தை மாற்றினோம். ‘பெட்டியிற் பொருள் காணாமற் போனமை குறித்து விமானக் கம்பனிக்கு முறைப்பாடு எழுதுக’ என்று கரும்பலகையில் எழுதினோம். தாயோ தமக்கையோ வெளிநாட்டில் உள்ளவர்கள் கையுயர்த்துக என்றபோது பதினொரு கைகள் உயர்ந்தன. அந்த மாணவனின் கடிதத்தில் பொருட்பட்டியலின் முதல் வரி இது: ‘அம்மா எனக்கு வாங்கிய கைக்கடிகாரம்’. ‘வாங்கிய’ என்ற சொல்லின் கீழ் அவன் கோடிட்டிருந்தான். நாம் அதனைத் திருத்தவில்லை.