ஏற ஒரு கைப்பிடி

கீரமங்கலம் பூவையும் ஜெகதாப்பட்டினம் மீனையும் ஏற்றி ஓடும் பிக்கப் வண்டிகளில், உள்ளே கைப்பிடி இல்லாதவற்றில் இடதுபக்கம் ஏறுபவர் எதைப் பிடிக்கிறார் என்று பாருங்கள்: திறந்த கதவை, இல்லையென்றால் சீட் பெல்ட்டை. கதவு ஆடும், பெல்ட் நீளும். இரண்டும் பிடித்து ஏறுவதற்காகச் செய்தவை அல்ல. முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் கைப்பிடி மாட்டுவதை 'சொகுசு' என்பவர்கள் சரக்கு கட்டக் கொக்கி கேட்பார்கள், ஆளுக்கு மட்டும் வேண்டாமாம்!

கைப்பிடி மாட்ட ஓட்டை போட்டால் துருப்பிடிக்கும் என்பது நியாயமான பயம்தான், அதுவும் கடற்கரைப் பக்கம். ஓட்டை விளிம்பில் பிரைமர் அடித்தால் பெருமளவு தடுக்கலாம். நிஜமான ஆபத்து வேறு: வெறும் தகரத்தில் செல்ஃப் டேப்பிங் ஸ்குரு முறுக்குவது. நாலு பேர் தொங்கி ஏறினால் பிய்ந்து வரும். பின்னால் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டால்தான் இழுவை பரவும். தூணில் ஏர்பேக் இருந்தாலோ வயர் ஓடினாலோ அங்கே துளையிடவே கூடாது. கம்பெனி விட்ட துளை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.