தோலும் தொழிலும்

ஓட்டப்பிடாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையே என் தந்தையாரின் தொழிற்கூடம். பழைய கார்களின் தேய்ந்த தோல் இருக்கைகள் அங்கே புதுவாழ்வு பெறுகின்றன. தேய்ந்த இடத்தில் நீர்த்துளி ஊறினால் தோல், உருண்டோடினால் ரெக்சின். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, வெடிப்பின் அடியில் துணி ஒட்டி, விளக்கெண்ணெயை மெல்லத் தேய்ப்பார். துணி சோப்பு கூடாது. "தோலு வெறச்சுப் போகும்யா" என்பார்.

இரண்டாமாண்டு வேதியியல் படிக்கும் எனக்கு அதன் காரணம் இப்போது புரிகிறது. தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. சோப்பின் காரம் அதற்குப் பகை. நார்களிடையே எண்ணெய் வற்றினால் வெடிப்பு. நம் கரிசலில் பூக்கும் ஆவாரையின் பட்டைத் துவர்ப்பே தோலைப் பதனிடவும் உதவுகிறது!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படித்தவனுக்குத் தோல் வேலையா?" என்கின்றனர் உறவினர். தோலை ஆராயவே சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தந்தையின் கை அறிந்ததை ஏட்டிலும் அறிய, அங்கே செல்வதே என் இலட்சியம்.