மோரிப் கரையில் கிடைத்த முன்னைக்கீரை

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மோரிப் கடற்கரைக்குப் போயிருந்தோம். பந்திங்கிலிருந்து செம்பனைகளுக்கு நடுவே அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளை மணலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அது ஏமாற்றம்தான். நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை இங்கே இறங்கியபோது, வண்டிகள் இந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டன என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கரையை ஒட்டிய கம்பத்தில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வீட்டு வேலியருகே என் தாயார் சட்டென்று நின்றுவிட்டார். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார்.

"தம்பி, இது முன்னைடா!"

எங்கள் பழைய லயத்துக் கொல்லையில் பாட்டி வைத்த முன்னை ஒன்று இருந்தது. பருப்போடு சேர்த்துக் கடைவார். வாயுத் தொல்லைக்கு நல்லது என்பார். லயங்களை இடித்தபோது அதுவும் போயிற்று. இத்தனை வருடத்துக்குப் பிறகு அம்மா அந்த வாசனையைக் கண்டுபிடித்துவிட்டார்.

வீட்டுக்கார மாக்சிக் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். மலாய்க்காரர்கள் இதை ‘புவாஸ்-புவாஸ்’ என்கிறார்கள். இளந்தளிரை உலாமாகச் சாப்பிடுகிறார்கள். பக்கத்திலேயே ‘பெலுந்தாஸ்’ செடி. அதன் கொழுந்துக்கும் ஒரு தனி மணம். சம்பல் பெலாச்சானோடு பச்சையாகவே சாப்பிடலாம். ஈர மணலில் படர்ந்திருந்த ‘கெலாங் லாவுட்’ கொடியையும் காட்டினார். பார்த்தால் நம் பருப்புக்கீரையின் அக்காள் மாதிரி இருக்கிறது. வாயில் வைத்தால் ஒரே உப்பு. மூன்றிலும் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார்.

இங்கேதான் வாத்தியார் கோட்டை விட்டேன். கடற்கரைச் செடிக்குக் கடல் தண்ணீர் வேண்டாமா என்று ஒரு புட்டி நிறையப் பிடித்து வந்து, நட்ட குச்சிகளுக்கு நாள்தோறும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் மூன்று முன்னைக் குச்சிகளில் இரண்டு கருகிவிட்டன. வேர் விடாத குச்சியிலிருந்து உப்பு ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

அம்மா புட்டியைப் பிடுங்கி வைத்தார். "உப்புல இருந்தா உப்புதான் வேணுமா? போக்கிடம் இல்லாம தாங்கிக்கிட்டு இருந்துச்சு. நல்ல தண்ணி ஊத்துடா" என்றார்.

மிஞ்சிய ஒரு குச்சி பிழைத்துக்கொண்டது.

வளர்க்க விரும்பும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். முன்னைக்கும் பெலுந்தாஸுக்கும் ஒரு சாண் நீளக் குச்சி போதும். கெலாங் லாவுட்டில் கணுவோடு ஒரு துண்டு எடுத்தால் தானாக வேர் விடும். நம் தோட்டத்துக் களிமண்ணில் ஆற்று மணலைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். பழைய பெயிண்ட் டின் என்றால் நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போடுங்கள். வெயில் நன்றாகப் பட வேண்டும். நல்ல தண்ணீரில் வளர்ந்தால் கெலாங் லாவுட்டில் உப்பு குறையும். ஆனாலும் அவித்து, நீரைக் கொட்டிவிட்டே சமையுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதன் மேல் தனியாக உப்புப் போட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. கரையில் பச்சையாக இருப்பதெல்லாம் கீரை அல்ல. பொங்-பொங் மரத்துக் காய் கொடிய விஷம். ‘புத்தா-புத்தா’ மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ‘புத்தா’ என்றால் மலாயில் குருடு. சிதம்பரத்துத் தல விருட்சமான தில்லை இதுதான். ஆகவே தெரிந்தவரிடம் கேட்டு, அவர் கையால் வாங்கி வந்து வளர்ப்பதே நல்லது. கண்டல் காட்டில் போய்ப் பிடுங்காதீர்கள்.

போன வாரம் முதல் முறையாக முன்னை கடைந்தோம். அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தேன். விடிவதற்கு முன் அப்பாவோடு வேலைக்காட்டுக்குப் போய் உதவிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். ‘கஷ்டத்திலேயே வளர்ந்தவன், தாங்கிக்கொள்வான்’ என்று நானே பல முறை சொல்லியிருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.