மாஸ்கோவின் பனியும் மங்கலதேவி மலையும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

துப்பறியும் நாவல் படிப்பவனைக் கண்டால் நம் பெரியவர்களுக்குக் கோபம் வரும். "பாடத்தை விட்டுவிட்டு இதென்ன கருமம்?" என்பார்கள். என் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அச்சடித்த தாள் எதுவாயினும் அது பாடப் புத்தகம் என்றே திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் என் அப்பா நம்புகிறார். நான் ஒரு கொலைகாரனைத் தேடி மாஸ்கோ நகரத் தெருக்களில் அலைந்துகொண்டிருப்பேன். அப்பாவோ, "தம்பி படிக்கிறான்" என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

"உலகத்தில் வேறு ஊரே இல்லையா? ஏன் மாஸ்கோ?" என்று பேருந்தில் உடன் வரும் நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வயல்மேல் படரும் புகைதான். முழங்கால் அளவு பனியில் பிணங்களைத் தோண்டி எடுக்கும் கதை அவனை ஏன் இழுக்க வேண்டும்? சோவியத் யூனியன் என்ற நாடே 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் உலக வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. நான் பிறந்ததோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. இல்லாத ஒரு நாட்டின் குற்றக் கதைகள் எனக்கு எதற்கு? அதற்குப் பதில் சொல்லவே இக்கட்டுரை.

ரஷ்யா நம் பக்கத்து மக்களுக்குப் புதிய ஊர் அன்று. மாஸ்கோவிலிருந்த முன்னேற்றப் பதிப்பகமும், பின்னர் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே நூல்களை அச்சிட்டு அனுப்பின. 1951-இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அவற்றை மலிவு விலையில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. கார்க்கியின் 'தாய்' நாவலைத் தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கினார். எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் தாத்தா அந்தக் காலத்துத் தோழர். அவர் கடைப் பரண்மீது ஒரு தகரப்பெட்டி நிறைய இந்நூல்கள் இருக்கின்றன. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், புரட்டும்போது எழும் ஒரு தனி வாசனை. பள்ளி நாள்களில் அவர் ஒவ்வொன்றாக எனக்குக் கொடுத்தார். இவான், நத்தாஷா முதலிய பெயர்கள் எனக்கு மாயாண்டி, பேச்சியம்மாள் போலப் பழகிப்போயின. அந்தப் பெட்டியில் எல்லாம் இருந்தன, ஒரு துப்பறியும் கதையைத் தவிர!

துப்பறியும் கதைகளை நான் கிளை நூலகத்தில் கண்டுபிடித்தேன். தமிழுக்கு இத்துறையில் நூறாண்டுக்கு மேற்பட்ட செல்வம் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தொடங்கி வைத்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் என்று வரிசை நீள்கிறது. இவர்களை நான் விரும்பிப் படித்தேன், இன்றும் படிக்கிறேன். ஆனால் இக்கதைகள் பலவற்றிலும் ஒரு பொது அமைப்பைக் காணலாம். குற்றவாளி ஒரு பக்கம் இருப்பான். துப்பறிபவரும் காவல்துறையும் நீதிமன்றமும் மறுபக்கம் இருப்பார்கள். உண்மை வெளிப்பட்டவுடன் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்வார்கள். கைவிலங்கு மாட்டியதும் கதை முடிந்துவிடும்.

உண்மை வெளிப்படுவதை யாருமே விரும்பாவிட்டால் என்ன ஆகும்? சோவியத் காலத்தைக் களமாகக் கொண்ட நாவல்கள் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது 'கார்க்கி பார்க்' என்னும் ஆங்கில நாவல். அமெரிக்கரான மார்ட்டின் குரூஸ் ஸ்மித் 1981-இல் வெளியிட்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. மாஸ்கோப் பூங்கா ஒன்றில் பனிக்கடியில் மூன்று பிணங்கள் கிடைக்கின்றன. முகங்கள் சிதைக்கப்பட்டிருக்கின்றன; விரல் நுனிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. விசாரிக்க வரும் அர்க்காதி ரென்கோ அறிவாளிதான். ஆனால் அவனுக்குக் கொலைகாரனிடம் உள்ள அச்சத்தைவிடத் தன் மேலதிகாரிகளிடமும் கே.ஜி.பி. உளவுத்துறையிடமும் உள்ள அச்சமே பெரிது. ஒவ்வொரு தடயமும் அவனை உண்மைக்கு அருகிலும் ஆபத்துக்கு அருகிலும் ஒருசேரக் கொண்டு செல்கிறது.

அறிவியல் மாணவனாகிய என்னை அந்நாவலில் கவர்ந்த இன்னொரு பகுதியும் உண்டு. பிணத்தின் மண்டையோட்டை வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியர் முகத்தைத் திரும்ப உருவாக்குகிறார். இது வெறும் கற்பனையன்று. மிகயீல் கெராசிமோவ் (1907–1970) என்னும் சோவியத் அறிஞர் அக்கலையில் உலகப் புகழ் பெற்றவர். 1941-இல் சமர்கந்தில் தைமூரின் கல்லறை திறக்கப்பட்டபோது, அம்மன்னனின் மண்டையோட்டிலிருந்து முகத்தை வடித்துக் காட்டியவர் அவரே. எலும்புமீது தசை எவ்விடத்தில் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்ற அளவீடுகளே அவருக்கு அடிப்படை.

2008-இல் வெளிவந்த டாம் ராப் ஸ்மித்தின் 'சைல்டு 44' இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1953-இல் நடப்பதாக அமைந்த கதை. பொதுவுடைமைச் சமுதாயத்தில் கொலைக்குக் காரணமே இல்லை. எனவே கொலையும் இல்லை என்பது அக்கதையில் அரசின் கொள்கை. ஒரு சிறுவன் கொல்லப்பட்டால் அது ரயில் விபத்து. கொலை என்று சொல்பவனே குற்றவாளி!

இதற்குத் தூண்டுகோலாக இருந்த உண்மை வழக்கு கதையைவிடக் கொடியது. தென் ரஷ்யாவின் ரஸ்தோவ் பகுதியில் 1978 முதல் கொலைகள் செய்தவன் அந்திரேய் சிக்கட்டிலோ. முதற் கொலைக்காக அலெக்சாந்தர் கிராவ்சென்கோ என்பவரைப் பிடித்து, ஒப்புதல் வாக்குமூலம் வாங்கி, 1983-இல் மரண தண்டனை நிறைவேற்றிவிட்டார்கள். பிற்காலத்தில் அக்கொலையையும் தானே செய்ததாகச் சிக்கட்டிலோ ஒப்புக்கொண்டான். 1984-இல் அவன் ஒருமுறை பிடிபட்டான். அவனுடைய இரத்தம் 'ஏ' வகை. தடயங்களில் கண்டதோ 'ஏபி' வகை. எனவே கொலை வழக்கிலிருந்து விடுபட்டான். மீண்டும் பிடிபட்டது 1990-இல். 1992-இல் 52 கொலைகளுக்காகத் தண்டனை பெற்று, 1994-இல் மாண்டான். இங்கே தவறியது வாக்குமூலம் மட்டுமன்று, ஆய்வுக்கூடமும் தவறியது. சோதனை முடிவையும் சோதிக்க வேண்டும் என்ற பாடத்தை நான் வகுப்பில் கற்பதற்கு முன்பே இவ்வழக்கில் கற்றேன்.

இந்நூல்களைப் பற்றித் தையற்கடைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "அதெல்லாம் வெள்ளைக்காரன் காசுக்கு எழுதுனது தம்பி. அங்க பட்டினி இல்லாமப் பண்ணுனத எவன் எழுதுனான்?" என்றார். அவர் சொல்வதிலும் பொருள் உண்டு. இவ்விரு நாவல்களும் வெளிநாட்டார் எழுதியவை. 'கார்க்கி பார்க்' திரைப்படத்தைக்கூட மாஸ்கோவில் எடுக்க முடியாமல் ஹெல்சிங்கியில் எடுத்தார்கள். ஆனால் சோவியத் மக்களும் துப்பறியும் கதைகளை உயிராய் விரும்பினார்கள் என்பதைத் தாத்தாவிடம் நான் சொன்னேன்.

வைனர் சகோதரர்களின் நாவலிலிருந்து 1979-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பட்டது. 'சந்திக்கும் இடத்தை மாற்ற முடியாது' என்பது அதன் பெயரின் பொருள். போர் முடிந்த 1945-ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடக்கும் கதை. புகழ்பெற்ற பாடகர் விளாதிமிர் விசோத்ஸ்கி அதில் ஜெக்லோவ் என்னும் காவல் அதிகாரியாக நடித்தார். ஒரு பிக்பாக்கெட்காரன் திருடிய பர்ஸைக் கீழே நழுவவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறான். ஜெக்லோவ் அதை எடுத்து அவன் பையிலேயே போட்டுப் பிடித்துவிடுகிறான். அவன் திருடன்தான்; ஆனால் சாட்சி பொய். இது சரியா என்று இளைய அதிகாரி ஷராபோவ் வாதாடுகிறான். அதே கதையில் ஒரு மருத்துவர் கொலைப்பழியோடு சிறையில் கிடக்கிறார். ஜெக்லோவுக்கு அவர்தான் கொலைகாரர் என்பதில் ஐயமே இல்லை. அவரோ குற்றமற்றவர். அரசுத் தொலைக்காட்சியிலேயே இந்த வாதம் நடந்தது. நாடே உட்கார்ந்து பார்த்தது. தாத்தா சற்று நேரம் பேசாமல் தையல் இயந்திரத்தை மிதித்தார். பிறகு, "அந்தச் சின்ன அதிகாரி கடைசியில என்ன ஆனான்?" என்று கேட்டார்.

நண்பர்களே, இக்கதைகள் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் பிளஸ் டூ படித்த ஆண்டு நடந்தது அது.

என் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். நம் பள்ளத்தாக்கில் இருள் பிரியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களை நீங்கள் அறிவீர்கள். ஒருநாள் அம்மா வேலை செய்த தோட்டத்தில், உலர்த்தி எடுத்த காயில் நான்கு கிலோ குறைந்தது. ஏலக்காய் நான்கு கிலோ என்றால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தொகை. மழைக்குப் போர்த்தும் கொங்காணியை எடுக்க அம்மா கடைசியாக ஸ்டோர் பக்கம் போயிருந்தார். அவ்வளவு போதுமானதாயிற்று. தூக்குச்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மடியை உதறச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை. "ஒன்றும் இல்லாததே சாட்சி. கைதேர்ந்தவள்தான் இப்படி ஒளிப்பாள்" என்றார் மேற்பார்வையாளர். மறுநாள் முதல் ஜீப்பில் இடமில்லை.

அன்றிரவு அம்மா அழவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டார். "எடுத்திருந்தா எடுத்ததுக்குச் சாட்சி காட்டலாம்ப்பா. எடுக்காததுக்கு என்னத்தச் சாட்சி காட்ட?" பெரிய வழக்கறிஞர்கள் பேசும் சட்டத்தை, கையெழுத்துப் போடத் தெரியாத என் தாய் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் தெரிந்தவர் அந்த ஸ்டோரில் காய் உலர்த்தும் பெரியவர். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ வரும் என்பது கணக்கு. அன்று எடுத்தது 150 கிலோ. 30 கிலோ வரவேண்டும். 26 தான் வந்தது. "அன்னைக்கு மழை. சொட்டச் சொட்ட நனைஞ்ச காய அப்படியே எடை போட்டீக. இருபது கிலோ தண்ணிக்கு எங்கிட்டு ஏலக்காய் வரும்?" என்று அவர் கேட்டாராம். 130-ஐ ஐந்தால் வகுத்துப் பாருங்கள்! திருட்டே நடக்கவில்லை. திருடன் ஆவியாகிப் போன நீர்.

இது தெரிந்தபின் அம்மாவுக்கு மீண்டும் வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். தவறாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அம்மா இப்போது வேறு தோட்டத்திற்கு வேறு ஜீப்பில் போகிறார்.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான் சிலப்பதிகாரம் எனக்குப் பாடப் புத்தகமாக இல்லாமல் போயிற்று. கூடலூருக்கு மேலே எல்லை மலையில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை நாம் எல்லோரும் அறிவோம். சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் வழி திறப்பார்கள். பளியங்குடி வழியாக நானும் நடந்து போயிருக்கிறேன். மதுரையை விட்டுப் பதினான்கு நாள் நடந்து கண்ணகி மலையேறினாள் என்கிறது காப்பியம். அவளை மலையேற வைத்தது எது? விசாரணையின்றி நிறைவேறிய ஒரு தண்டனை. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கள்வனைப் போல் இல்லையே என்று தயங்குகிறார்கள். உண்மைக் கள்வனாகிய பொற்கொல்லனோ கள்வர்களின் திறமைகளைப் பற்றி ஒரு விரிவுரையே நிகழ்த்துகிறான். நல்லவன் போன்ற தோற்றமே கைதேர்ந்த கள்வனுக்கு அடையாளம் என்று ஆகிவிடுகிறது. எங்கள் மேற்பார்வையாளர் சிலப்பதிகாரம் படித்தவர் அல்லர். ஆனால் அதே வாதத்தைத்தான் சொன்னார்!

கண்ணகி செய்ததோ முதல் தரமான துப்பறியும் பணி. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து என்கிறான் அரசன். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. இரண்டு கருதுகோள்கள், ஒரு சோதனை, ஒரு முடிவு. அதைக் கண்ட பாண்டியன் மறுக்கவில்லை. தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் விட்டான். ரென்கோவின் மேலதிகாரிகளிடம் நான் காணாதது இதைத்தான். உண்மை தெரிந்தபின் அரியணை தலைகுனிய வேண்டும். கிராவ்சென்கோவின் தண்டனை அவர் மாண்டு பல ஆண்டுகள் கழித்தே நீக்கப்பட்டது.

இக்குறை சோவியத் நாட்டுக்கு மட்டும் உரியது என்று நான் சொல்லவில்லை. தையற்கடைத் தாத்தாவின் பெட்டியிலிருந்த நூல்கள்தாம் உழைப்பவருக்கும் மானம் உண்டு என்று எனக்குச் சொல்லித் தந்தன. அந்த மானத்தைக் காக்கச் சாட்சி வேண்டும், கேள்வி வேண்டும் என்று துப்பறியும் நாவல்கள் சொல்லித் தந்தன. இரண்டும் மாஸ்கோ வழியாகத்தான் எனக்கு வந்தன. முன்தீர்ப்பு எழுதும் மேசை உலகில் எங்கும் உண்டு. ஏலத்தோட்டத்து ஸ்டோரிலும் உண்டு.

நம் ஆய்வுக்கூடத்திலும் உண்டு என்றால் சிரிக்காதீர்கள்! உப்புப் பகுப்பாய்வில், மேல்வகுப்பு அண்ணன்மாரிடம் உப்பின் பெயரை முன்பே கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப வெண்மை வீழ்படிவு வந்ததாகப் பின்னாலிருந்து முன்னால் எழுதும் வித்தையை நம்மில் சிலர் அறிவார்கள். இன்று அது வெறும் பத்து மதிப்பெண். நாளை நம்மில் ஒருவர் தடய அறிவியல் கூடத்தில் அமரலாம். ஒருவர் காவல் அதிகாரியாகலாம். ஒருவர் தோட்டத்தில் எடை போடலாம். அன்று நம் எதிரே ஒரு தாய் தூக்குச்சட்டியோடு நிற்பாள். அவளிடம் சாட்சி கேட்குமுன், காய் நனைந்திருந்ததா என்று நாம் கேட்போமா?