சோபாவில் அழுத அம்மா

அப்பா நெல்லைப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆலைகளைச் சுற்றி ஊர் வளர ஆரம்பித்த நேரம். ஜூஜுவாடியில் லைன் வீடு. ஒரு சுவருக்கு அப்பால் தெலுங்கு, மறு சுவருக்கு அப்பால் கன்னடம், எதிர் வாசலில் உருது. அப்பா வெளியில் அதிகம் பேசமாட்டார். அவர் பேச்சில் வரும் ‘ஏலே’யைக் கேட்டு ஷிஃப்டில் சிரிப்பார்களாம்.

நகைச்சுவைக் கலைஞர் அஜீஸ் அன்சாரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும். 1983-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். அப்பா ஷௌக்கத் மருத்துவர். மகன் நியூயார்க்கில் மார்க்கெட்டிங் படித்தபடியே, 2000-லிருந்து மைக்கைப் பிடித்துத் தனியாக நின்று சிரிக்க வைக்கத் தொடங்கினார். ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடரில் அவர் நடித்த டாம் ஹேவர்ஃபோர்ட், அரசியலில் பிழைக்க வேண்டுமென்று தன் முஸ்லிம் பெயரையே மாற்றிக்கொண்டவன். 2014-ல் அஜீஸின் நிகழ்ச்சிக்கு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கமே நிறைந்தது. அதற்குப் பிறகும் தன்னைத் தேடி வருகிற வேடங்கள் பெரும்பாலும் இந்திய உச்சரிப்பு கேட்பவைதான் என்று 2015-ல் வருத்தத்தோடு எழுதினார்.

எங்கள் ஊரில் ஸ்டாண்ட்-அப் என்ற பெயர் வருவதற்கு முன்பே ஆயுத பூஜை மேடை இருந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பொரிகடலைப் பொட்டலம், சாயங்காலம் மிமிக்ரி. தளியிலிருந்து வருகிறவரின் தெலுங்குத் தமிழ், நெல்லைக்காரரின் இழுவை, பிறகு பீகாரிலிருந்து வந்த பையனின் தமிழ் எல்லாவற்றையும் பேசிக் காட்டுவார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தப் பையனும் கடைசி வரிசையில் நின்றிருப்பான். இது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

அஜீஸ் போனது வேறு வழி. 2015-ல் அவரும் ஆலன் யாங்கும் உருவாக்கிய ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரில் ‘பேரண்ட்ஸ்’ என்றொரு பகுதி உண்டு. ஐபேடைச் சரிசெய்து தரக் கேட்கிறார் அப்பா. சினிமாவுக்கு நேரமாகிறது என்று நழுவுகிறான் மகன். அப்பாவும் அம்மாவுமாக நடித்தது அஜீஸின் சொந்தப் பெற்றோரே. பிறகு மகனும் அவன் தைவானிய நண்பனும் பெற்றோரைச் சாப்பிட அழைத்துப் போய், அவர்கள் வந்த கதையைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் முதல் நாள் எப்படி இருந்தது என்றால், சோபாவில் உட்கார்ந்து அழுததைச் சொல்கிறாள் அம்மா. 2016-ல் அந்த எழுத்துக்கு எம்மி விருது கிடைத்தது.

எங்கள் வீட்டில் சோபா இல்லை. அப்பா நைட் ஷிஃப்ட் போன முதல் வாரம் முழுக்க, பக்கத்து வீட்டுப் பாஷை புரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அம்மா ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியைப் பார்த்த இரவுதான் மீண்டும் கேட்டேன். நெல்லையிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி தீர்ந்த அன்று அழுததுவரை எல்லாம் வந்தது.

அஜீஸின் வாழ்க்கையில் எல்லாமே வெளிச்சமில்லை. 2018 ஜனவரியில் கோல்டன் குளோப் வாங்கிய சில நாளிலேயே, தன்னிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி ஒரு பெண் புகார் சொன்னார். இருவர் சம்மதத்தோடும் நடந்ததென்றே தான் நினைத்ததாக அவர் பதில் சொன்னார். மறு வருடம் மேடையிலும் அதைப் பற்றிப் பேசினார். இதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்வது சரியாகாது.

ஆனாலும் பெற்றோரை வெறும் உச்சரிப்பாகப் பார்க்காமல் மனிதர்களாக மேடையேற்றியது பெரிய காரியம். ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகள் இப்போது ஓசூர்ப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். விழா நடத்துகிறவர்களே, இந்த வருடம் அவர்களைப் பேசிக் காட்ட ஆள் பிடிக்காதீர்கள். மைக்கை அவர்களிடமே கொடுங்கள்.