காஞ்சியில் குடியேறலாமா?

சென்னையின் நெருக்கடி நீங்கிக் காஞ்சிபுரத்தில் குடியேறலாமா எனச் சிந்திக்கும் குடும்பங்களுக்காக, நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

தொலைவு ஏறத்தாழ 75 கி.மீ.; செங்கற்பட்டு வழியே மின்தொடர் வண்டி உண்டு. வாடகையும் குறைவு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பணிபுரிவோர்க்கு ஊர் அண்மையிலுள்ளது. பல்லவர் எழுப்பிய கயிலாசநாதர் கோயில் நம் பிள்ளைகளுக்குக் கல்லில் எழுதிய வரலாறு.

குறைகளும் உள. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரியும். விழா நாள்களில் தெருக்கள் திணறும். 2019-இல் அத்திவரதரைக் காண இலட்சக்கணக்கானோர் திரண்டதை அறிவோம்.

தறியை நம்பிச் செல்வோர் மேலும் ஆராய்தல் வேண்டும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. கோர்வைச் சேலைக்கு இருவர் உழைப்பு வேண்டும். ஒருவர் நெய்ய, மற்றவர் ஒருபுறக் கரையின் நாடாவைச் செலுத்துவார். பல இல்லங்களில் அத்துணைவர் மனைவியோ மக்களோதான். இருவர் உழைப்புக்கும் கூலி ஒன்றே. ஆகவே, நாம் நாடிச் செல்லும் ஊரின் இளைஞர் பலர் தறியை விட்டு ஆலைகளை நாடுகின்றனர்.

எனவே வாடகைக் கணக்கு மட்டும் போதாது. பேரம் பேசாமல் கூட்டுறவுச் சங்கத்தில் சேலை வாங்கி, நெசவாளரின் இன்ப துன்பங்களில் பங்குகொள்ளும் அயலாராக வாழ இயலுமெனில், மனநிறைவோடு குடியேறுங்கள்.