சோலோ பறக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு காகிதம்

மக்களே, விமானம் ஓட்டக் கற்பவர் முதன்முதலாகத் தனியாகப் பறப்பதை 'சோலோ' என்பார்கள். அன்று பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் இருக்க மாட்டார். "தம்பி, அதைப் பாத்தியா?" என்று கேட்க ஆள் கிடையாது. அந்தக் கேள்வியைக் கேட்கப்போவது கையில் இருக்கும் செக்லிஸ்ட் மட்டும்தான்.

"எல்லாம் மனப்பாடமா தெரியுமே, பேப்பர் எதுக்கு?"

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், ரைட் ஃபீல்ட். போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் மாடல் 299 சோதனைக்குக் கிளம்பியது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், ராணுவத்தின் அனுபவம் மிக்க சோதனை விமானி. மேலே எழும்பிய சற்று நேரத்தில் மூக்கு செங்குத்தாகத் தூக்கி, விமானம் விழுந்து எரிந்தது. ஹில்லும், போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்துபோனார்கள்.

இன்ஜினில் கோளாறு இல்லை. நிறுத்தி வைத்த விமானத்தின் வால் பலகைகள் காற்றில் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு போடுவார்கள். அதை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். அவ்வளவுதான். இந்த விபத்துக்குப் பிறகுதான் விமானிகளிடம் எழுதிவைத்த பட்டியல் பரவலானது.

இன்று மாணவர்கள் ஓட்டும் செஸ்னா 172-லும் அப்படி ஒரு பூட்டு உண்டு, சின்னக் கம்பியாக. பட்டியல் அதை இரண்டு இடத்தில் பிடிக்கும். கிளம்பும் முன் பரிசோதனையில் 'பூட்டை எடு'. ஓடுபாதையில் நுழையும் முன் 'கன்ட்ரோல்கள் தடையில்லாமல், சரியான பக்கம் அசைகிறதா?'

ஏன் இவ்வளவு? பழகிய வேலையில்தான் மூளை ஏமாற்றும். நேற்று கேஸ் சிலிண்டரை மூடிய ஞாபகத்தை இன்றைக்கு மூடியதாகக் காட்டும். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மருத்துவத்திலும் இதே கதைதான். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் கொண்டுவந்தது. நியூ டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் செய்த ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அங்கே சுற்றிலும் ஒரு டீமே நிற்கிறது. சோலோவில் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் தம்பி, தங்கைகளே,

👉 சத்தமாகப் படியுங்கள். கையால் தொட்டுப் பாருங்கள். பிறகே அடுத்த வரி.

👉 நடுவில் ரேடியோவில் கூப்பிட்டார்களா? விட்ட இடத்தைத் தேடாதீர்கள், முதலிலிருந்து தொடங்குங்கள்.

👉 வானத்தில் அவசரம் வந்தால் முதலில் விமானத்தை ஓட்டுங்கள். மனப்பாடமாகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் பட்டியலை எடுங்கள்.

பட்டியல் பார்ப்பது தெரியாதவர் செய்யும் வேலை இல்லை. பத்திரமாகத் தரையிறங்க நினைப்பவர் செய்யும் வேலை.